மூன்று விரல் கூலி

கோயம்புத்தூரில் மரம் வெட்டப் போனால் கூலி கேட்கலாம். ஆர்.எஸ்.புரத்து வீடுகளில் மரம் போனால் போதும் என்று கூலியும் கொடுத்து, விறகையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கதை வேறு. அங்கே மரம் என்றால் சொத்து. வெட்டுகிறவன்தான் பணம் கொடுத்து மரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குப் பார்த்து நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்களை மரம் வெட்டக் கூட்டிப்போகும் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தேன். அவர் விலை பேசுவார், நாங்கள் ஏறுவோம். வேலை கிடைக்க வேண்டும் என்று அடிமாட்டு விலைக்குப் பேசிவிட்டு, கயிறு பிடிக்கும் ஆளைக் குறைத்துவிடுவார். அப்படி ஒரு நாள் என் மச்சினன் அறுந்த கிளையோடு ஊசலாடியதைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

"போப்பா போ, ஆடி முடியறதுக்குள்ள என்றகிட்டயேதான் வந்து நிப்பே" என்று மேஸ்திரி சிரித்தார். செத்தாலும் திரும்பிப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தனியாக வந்தபின் முதல் வேலை பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். மாட்டு வியாபாரி ஒருவரின் ஓட்டு வீட்டின் மேல் ஒரு புளியமரம் சாய்ந்து நின்றது. அடியில் வெட்டினால் வீடு காலி. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தோள்துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

நான் அவர் விரல்களில் மூன்றைப் பிடித்தேன். மூவாயிரம். இரண்டுக்கு இறக்கப் பார்ப்பார், இரண்டரையில் நின்றுகொள்ளலாம் என்பது என் கணக்கு. மனிதர் பேரமே பேசவில்லை.

"செரி, முடிஞ்சுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே பழகிய ஆள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ஜம்பமடித்துக்கொண்டிருந்தேன்.

வேலையன்று மச்சினன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கயிறு பிடிக்க இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து கையை நீட்டினார்.

"பணத்தைக் குடுத்துபோட்டு ஏறச் சொல்லப்பா."

"நீங்கதானுங்க எனக்குக் குடுக்கோணும்."

"நானா? என்ற மரத்தை நீ எடுத்துட்டுப் போறதுக்கு நான் காசு குடுக்கோணுமா?"

அதே மூன்று விரலுக்கு அவர் மரத்தை விற்றிருந்தார், நான் கூலி கேட்டிருந்தேன். சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"துண்டுக்குள்ள பேசுனா பேசுனதுதான்" என்றார் அவர்.

"நானும் அதுக்குள்ளதானுங்க பேசுனேன்."

அவரும் யோசித்தார். "செரி, நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். வெறகை எடுத்துக்கோ, மரத்தை எறக்கிக் குடு. செரிக்குச் செரி."

ஆசையாகத்தான் இருந்தது. கயிறு பிடிக்க வந்த இருவரில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் கட்டுப்படியாகும். மேஸ்திரி அதைத்தான் செய்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"கயித்தை அவுத்துரு மச்சான்" என்றேன். பிறகு அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி அவரிடம் சொன்னேன். "வெறகு பூராவும் நீங்களே வெச்சுக்கோங்க. எனக்குக் கூலி மூவாயிரம். அதுல கொறைச்சா நான் ஆளைக் கொறைக்கோணும். ஆளைக் கொறைச்சு இவனை மேல ஏத்த மாட்டனுங்க."

மச்சினன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் மனைவி வெளியே வந்தார்.

"ஏனுங்க, ஆடிக் காத்துல இந்த மரத்துக்கடியில என்னால படுக்க முடியாதுங்க. வெறகை வித்து அவங்க கூலியைக் குடுத்துபோடுங்க."

வியாபாரி மரத்தைப் பார்த்தார், மச்சினன் இடுப்பைப் பார்த்தார். வேண்டாவெறுப்பாக, "ஏறச் சொல்லு" என்றார்.

மச்சினன் மறுபடி முடிச்சைப் போட்டுக்கொண்டு ஏறினான். பேசிய விலையில் நின்றுவிட்டேன் என்று சந்தோஷப்படக்கூட நேரமில்லை. இனி ஓடு உடைந்தாலும், அவன் கால் வழுக்கினாலும், கைகாட்ட மேஸ்திரி கிடையாது. கயிறு பிடித்தவர்களுக்குப் பின்னால் போய் நின்று, மிச்சக் கயிற்றை என் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.