கூரை இறக்கிய பள்ளியில் கேட்ட மழை

மழைத் தொழுகையில் ஆமீன் சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பள்ளிவாசலுக்கு அப்போது கூரையே இல்லை!

இலங்கையில், கடுகண்ணாவை மலைக்குக் கீழே எங்கள் ஊர். பொதிமாடு ஓட்டிய முன்னோருக்குக் கண்டி ராஜா கொடுத்த காணியில் கட்டிய பள்ளி அது. தாமரை செதுக்கிய மரத்தூண்கள், இரட்டைச் சரிவு ஓட்டுக்கூரை. இமாம் நிற்கும் மிஹ்ராப், களிமண்ணால் எழுப்பிச் சுண்ணாம்பு பூசியது. உளுத்த மரங்களை மாற்ற ஓடுகளை இறக்கச் சொன்னவன், பள்ளி நிர்வாகியான நான்தான். கடும் வறட்சி, வேலை முடியும்வரை மழை வராது என்று நம்பினேன். கிணறுகள் வற்றவே, ஊரே மைதானத்தில் கூடி மழை கேட்டது. நானும் அழுது கேட்டேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே மலை கறுத்தது. எங்களிடம் இருந்த தார்ப்பாய்ப் படங்குகள் தூண்களை மூடவே போதவில்லை. மிஹ்ராப் நனைந்தால் கரைந்துவிடும். இத்தனை தலைமுறை நின்றது என் காலத்தில் போகிறதே! மழை வேண்டாம் என்று கேட்கவும் மனம் வரவில்லை. ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே! திறந்த வானத்தின் கீழ் நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்தேன். "யா அல்லாஹ், மழையையும் தா, மிஹ்ராபையும் காப்பாற்று." வேறு வார்த்தை வரவில்லை.

எழுந்து பார்த்தால் வாசலில் ஒரு லொறி. கல்யாணக் கூடாரம் வாடகைக்கு விடும் பக்கத்து ஊர் செல்வம், கலஹாவில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"போகும்போதே கூரை இல்லாததப் பாத்தேன், நானா. மலை கறுக்கவும் நேரா இங்க திருப்பிட்டேன். கூரையக் கழட்டிப் போட்டுட்டா மழை கேட்டீங்க?"

"பகிடிய விடுங்க தம்பி, சுருக்கா எறக்குங்க!"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவரே ஏறி மிஹ்ராபுக்கு மேல் கூடாரத்தை இழுத்துக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டு இறங்கியதும் மழை கொட்டியது. நான் சிறுபிள்ளை மாதிரி அழுதேன். கல்யாணக் கூடாரத்தின் சரிகைத் தொங்கல்களுக்குக் கீழே அந்தி மஃரிப் தொழுதோம். இமாமுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

மிஹ்ராப் நிற்கிறது. கிணறுகளும் நிறைந்தன. எல்லாப் புகழும் அவனுக்கே. முன்பெல்லாம் துஆ கேட்கும்போது அல்லாஹ்வுக்கே வழி சொல்லிக் கொடுப்பேன். இப்போது தேவையை மட்டும் சொல்கிறேன், மனசு லேசாக இருக்கிறது.

சகோதரர்களே, உங்களுக்கும் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், ஒன்றை விட்டுக்கொடுத்துக் கேட்காதீர்கள். இரண்டையும் கேளுங்கள். கொடுப்பவனுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.