குருவி விற்கிற வீட்டில் ஒரு கிளி

குருவி வியாபாரத்துக்கு எதிரி பூனைதான் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கினேன். பூனையைக் கட்டையால் அடித்து விரட்டிவிடலாம். சம்சாரத்தோடு சீராக வந்த கிளியை என்ன செய்வது?

நான் படித்த பள்ளிக்கூடம் மாட்டுச் சந்தை. உதைத்த மாடுகளும் ஏமாற்றிய மனுஷர்களும்தான் எனக்கு வாத்தியார்கள். ஒரு காளை என் முழங்காலைப் பதம் பார்த்ததில், சந்தை சந்தையாக நடக்கிற தரகுப் பிழைப்பு போயிற்று. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டு முன்னறையில் குருவிக் கூண்டுகளைத் தொங்கவிட்டேன். ஏரிக்கரையில் வலை போடுகிறவர்கள் சில்லைக் குருவி கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டைவிரல் அளவு உடம்பு, தடித்த சின்ன மூக்கு. தினையைப் போட்டால் தின்னும், இல்லாவிட்டால் சிணுங்கும். ஆசைக்கு வளர்க்கிறவர்கள் ஜோடி ஜோடியாக வாங்கிப் போவார்கள்.

அதே அறையின் உத்தரத்தில் மிட்டு தொங்கியது. என் சம்சாரம் மைமூன் கடப்பாக்கத்திலிருந்து வந்தபோது பித்தளை அண்டாவோடு வண்டியை விட்டு இறங்கிய பச்சைக்கிளி. குருவியும் கிளியும் ஒரே கூரைக்குக் கீழே வளர்க்கிற அன்பர்களே, நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

விரல் கணக்கு

ஆணி மிச்சம் பிடிக்கலாம் என்று குருவிக் கூண்டையும் கிளிக் கூண்டையும் ஒட்டினாற்போல் மாட்டினேன். குருவிக்கு ஒரு கெட்ட பழக்கம். உட்காரக் குச்சி வைத்திருந்தாலும் கம்பியைப் பற்றிக்கொண்டுதான் தொங்கும். விரல் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். மிட்டுவுக்கு அது கடலைப்பருப்பு மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஜோடி வாங்கிப் போன ரயில்வே கார்டு ஒருவர் மறுநாள் டியூட்டி உடுப்போடு வந்து நின்றார். ஒரு கையில் கொடி, மறு கையில் கூண்டு. ஒரு குருவிக்கு வலது காலில் ஒரு விரல் இல்லை. “உங்க வூட்ல போனதுக்கு நான் ஜவாப்தாரியா?” என்று எகிறினேன். அவர் எகிறவில்லை. சுருட்டின கொடியால் என் தலைக்கு மேலே காட்டினார். மிட்டு பக்கத்துக் கூண்டின் கம்பிக்குள் மூக்கை விட்டு அடுத்த விரலைத் தேடிக்கொண்டிருந்தது.

வேறு குருவி பிடித்துக் கொடுத்தேன். கார்டு அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி இரண்டு காலையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்த்த ஆளாமே நீரு, குருவிக்கு விரலை எண்ணத் தெரியலியா பாய்?”

மொத்த விலைக் கடை

அதன்பிறகு கூண்டுகளைத் தள்ளித் தள்ளி மாட்டினேன். ஆனால் மைமூன் பகலில் மிட்டுவை வெளியே விடுவாள். இறக்கை வெட்டின கிளி, பறக்காது. உத்தரத்தின் மேல் தாசில்தார் மாதிரி நடந்து நடந்து ஒவ்வொரு கூண்டாக மேற்பார்வை பார்க்கும். குருவிக் கூண்டின் கதவு மேலே தூக்கித் திறக்கிற தகரம். நான் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து அதுவும் கற்றுக்கொண்டது.

ஒரு நாள் நான் டீ குடித்துவிட்டு வருகிறேன், வீடு அமைதியாக இருக்கிறது. குருவி விற்கிறவன் வீட்டில் அமைதி என்றால் போட்ட பணம் போயிற்று என்று அர்த்தம். பெரிய கூண்டு காலி. கூண்டின் மேலே மிட்டு, தகரத்தை மூக்கில் பிடித்தபடி. தெருவைப் பார்த்தால் எதிரே ரங்கசாமியின் அரிசி மண்டியில், நெல் மூட்டை நெல் மூட்டையாக நான் போட்ட முதலெல்லாம் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருக்கிறது.

“இந்த வூட்ல கிளி இருக்கணும், இல்ல குருவி இருக்கணும். ரெண்டுல ஒண்ணு! நாளைக்கே அதை வித்துடறேன்!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். மைமூன் அடுப்பங்கரையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வித்துக்குங்க மச்சான். கூண்டோட என்னையும் சேர்த்து விலை சொல்லுங்க” என்றாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அன்றிலிருந்து இந்த வழக்கு எங்கள் வீட்டில் தீராமல் நின்றது.

துணியைப் போட்டுப் பாதிக் குருவியைத்தான் பிடிக்க முடிந்தது. நான் புழுதியும் வேர்வையுமாக மூட்டைகளுக்கு நடுவே தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கசாமி சொன்னார்: “உன் குருவி விவரமான குருவி பாய். சில்லறைக் கடையை வுட்டுட்டு மொத்த விலைக் கடைக்கு வந்துகீது பாரு!”

சாயம்

இது கிளி செய்த தப்பு இல்லை. ஆனாலும் பழி கிளி மூலமாகத்தான் வந்தது. சிவப்புச் சில்லை என்று ஒரு ஜாதி உண்டு. மழைக்காலத்தில் ஆண் குருவி மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு நிற்கும். பருவம் முடிந்தால் அந்தச் சிறகு உதிர்ந்து, பெட்டையைப் போலவே மண் நிறமாகிவிடும். அடுத்த மழைக்குத் திரும்பவும் சிவக்கும்.

கூடுவாஞ்சேரி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஐப்பசியில் ஒரு ஜோடி வாங்கினார். மாசியில் கூண்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். சாயம் பூசி விற்றுவிட்டேனாம். அல்லா மேல் ஆணை, பூசவில்லை என்றேன். சிறகு உதிர்கிற விஷயத்தைத் தொண்டை வறளச் சொன்னேன். அவர் நிமிர்ந்து மிட்டுவைப் பார்த்தார். “அப்ப அந்தக் கிளிக்கு ஏன் பச்சை உதிரல? அதுவும் பறவைதானே?” என்றார். பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

நான் கத்தி முடிக்கிறவரை காத்திருந்து, தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை விரித்துக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: “என் கடையில மட்டச் சரக்குகூட ரெண்டு துவைச்சல் தாங்கும் பாய். உன் சரக்கு தண்ணியே படாம வெளுத்துப்போச்சே!”

கிளியின் உத்தரவு

பேரத்தில் எனக்கு ஒரு முறை உண்டு. ஜோடி இரண்டு ரூபாய் என்று ஆரம்பிப்பேன். கோபித்துக்கொள்வேன். கூண்டை உள்ளே எடுத்துப் போவேன். திரும்பக் கொண்டுவருவேன். ஒண்ணேகால் ரூபாய்க்கு முடிந்தால் நல்ல வியாபாரம். எனக்கு மட்டுமே தெரிந்த கடைசி விலை ஒன்று உண்டு, அதை என் சட்டைக்குக்கூடச் சொல்லமாட்டேன். ஆனால் மைமூனிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போதும், ஏரிக்கரைக்குப் போகும்போதும், வாசலில் செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டே அவளிடம் ஒரே வாக்கியம்தான் சொல்வேன்: “ஜோடி எட்டணாவுக்குக் கீழ குடுக்காத.”

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் வந்தார். இரண்டு ரூபாய் என்றேன். ஒரு ரூபாய் என்றார். என் வழக்கப்படி கோபித்துக்கொண்டு, நஷ்டக் கணக்கெல்லாம் சொல்லிக் கூண்டைக் கையில் எடுத்தேன். அப்போது தலைக்கு மேலே, என் குரலில், என் அதட்டலோடு, செருப்பைத் தட்டுகிற சத்தம்கூடத் தப்பாமல் ஒரு வாக்கியம் வந்தது: “டக் டக்! ஜோடி எட்டணாவுக்குக் கீழ குடுக்காத!”

நான் கூண்டும் கையுமாக நின்றேன். டீச்சரம்மா கைப்பையைத் திறந்து, ஒரு எட்டணாவைத் தேடி எடுத்து, மிட்டுவைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: “கீழ வேணாம்ப்பா, அவர் சொல்ற எட்டணாவையே குடுத்துடறேன்.”

துண்டுக்கு அடியில்

டீச்சரம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வருகிற கிராக்கி என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டது. “இன்னாபா, கிளி இன்னா சொல்லுது?” என்றுதான் கேட்டது. கிளியைக் கொல்லைப்புறம் மாட்டினேன். அங்கிருந்து இன்னும் உரக்கச் சொன்னது. செருப்பை மாட்டிக்கொண்டு “ஒண்ணேகால் ரூபாய்க்குக் கீழ குடுக்காத” என்று வேண்டுமென்றே வாரக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். மிட்டு தலையைச் சாய்த்துக் கேட்டது, பிறகு பழைய விலையையே சொன்னது.

அதற்கு மேல் வாயால் பேரம் பேசினால் நான் முட்டாள். மாட்டுச் சந்தை முறைக்குத் திரும்பினேன். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, கை முழுக்க என்றால் ஐந்து. அது ரூபாயா, பத்து ரூபாயா என்பது சரக்கைப் பார்த்தால் தெரியும். ஒரு விரலைப் பாதி மடக்கினால் எட்டணா என்று குருவிக்காக நானே ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டேன். திருப்போரூர் லாரி டிரைவர் ஒருவர் துண்டுக்கு அடியில் கையை விட்டதும் கூச்சம் தாங்காமல் சிரித்து, வாங்காமலே போய்விட்டார். போகட்டும் என்று இருந்தேன்.

பிறகு மாமல்லபுரத்துப் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிற பொன்னி வந்தாள், பேத்திக்கு ஒரு ஜோடி வேண்டுமென்று. யோசிக்காமல் துண்டை விரித்துக் கையை நீட்டிவிட்டேன். தெருவில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, மீன் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: “இன்னா பாய், குருவி கேட்டா கையப் புடிக்கற? கூப்புடு உன் வூட்டுக்காரிய, அவ கையப் புடிச்சு நான் பேசிக்கறேன்!”

கிளிக்கு விலை

மைமூன் வந்தாள். முந்தானைக்கு அடியில் இரண்டு பெண்களும் கையைப் பிடித்தார்கள். என்ன விலைக்குப் படிந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அன்றைக்கே முனுசாமிக்கு ஆள் அனுப்பினேன். சந்தையில் என்னோடு தரகு பார்த்தவன். “கிளியை வித்துக் குடு” என்றேன்.

அவன் ஏகாம்பரத்தை அழைத்து வந்தான். மாமல்லபுரத்தில் கல்கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் நாஸ்தாவும் விற்கிறவர். பேசுகிற கிளி வாசலில் தொங்கினால் கூட்டம் நிற்கும் என்று கணக்கு. மைமூன் சண்டை போடவில்லை. மிட்டுவின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தன் டிரங்குப் பெட்டியையும் இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அடுப்பங்கரை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

முனுசாமி துண்டைப் போட்டான். தரகன் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பிடித்து விலையைக் கொண்டுபோய்க் கொடுப்பான், அதுதான் முறை. ஏகாம்பரம் இரண்டு விரலில் ஆரம்பித்து மூன்றுக்கு வந்தார், அதாவது முப்பது ரூபாய். ஆள் ஓடட்டும் என்று நான் ஐந்து விரலையும் கொடுத்தேன். அந்த விலைக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். முனுசாமி அந்தப் பக்கம் போனான். ஏகாம்பரம் யோசித்தார். அவர் நான்காவது விரலையும் பிடிப்பது துண்டு அசைந்ததில் தெரிந்தது. ஐந்தாவதையும் பிடித்தால் முடிந்தது. சந்தையில் விலை படிந்தபின் பின்வாங்கினவன் பிறகு தரகனே இல்லை.

அப்போது மிட்டு வாயைத் திறந்தது. “டக் டக்! ஜோடி எட்டணாவுக்குக் கீழ குடுக்காத!”

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். “இன்னா அண்ணாத்த, ஜோடியே எட்டணாவாம். ஒத்தைக் கிளி நாலணாதான் ஆவுது. சரக்கே வெலைய சொல்லும்போது நீ இன்னாத்துக்கு அஞ்சு வெரலு குடுக்கற?”

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. “எழுந்திருய்யா!” என்று கத்தினேன். “நாலணாவா? எட்டணா குருவிக்கு! இது கிளி. கடப்பாக்கத்துக் கிளி. இதுக்கு வெலை சொல்ற வாய் இன்னும் பொறக்கலய்யா! நட!” ஏகாம்பரம் ஒரு செருப்பை மாட்டியும் மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டும் தெருவில் இறங்கினார். பேஜாரு புடிச்ச ஆளு என்று அவர் முனகியது காதில் விழுந்தது. மைமூன் உள்ளேயிருந்து வந்தாள். கிண்ணத்தை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள்.

முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். தரகு போன வருத்தம் முகத்தில் இல்லை. வாசல்படியில் நின்று சொன்னான்: “எத்தினி சந்தையில உன் கைய புடிச்சிகீறேன் அண்ணாத்த, அது வெலை படியக் கூடாதுன்னு வெரலு குடுத்து இன்னிக்குத்தான் பார்த்தேன்.”

சர்க்கார் அணாவை எடுத்துவிட்டு நயாபைசாவைக் கொண்டுவந்த பிறகும், குருவியும் கிளியும் ஒன்றாக இருக்கிற எங்கள் வீட்டில் விலை சொல்கிற அதிகாரம் மட்டும் இன்னும் என் கைக்கு வந்தபாடில்லை.