காலனிக்குள் எழுந்து நின்ற தேங்காய்

மூன்று ரிக் வண்டி, இரண்டு கம்ப்ரஸர் லாரி, பரமத்தி ரோட்டில் மாடி வீடு, பல் டாக்டருக்குப் படித்த மகள். இவ்வளவும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் உண்டாக்கியது. பதினாறு வயதில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ராடு மாட்டும் கூலியாக ஏறினேன். காலனியில் பிறந்தவனுக்கு லோன் கொடுக்க ஒரு பேங்க் மேனேஜர் யோசித்தார். அடுத்து வந்தவரும் யோசித்தார். மூன்றாமவர் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் கையெழுத்தை வாங்கிவிட்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறேன். யாரும் சொல்லக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன்.

ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அரசாங்கத்தில் ஒரே ஒரு போருக்கு அனுமதி வந்தது. போடும் வேலை எனக்குக் கிடைத்தது. ஊர்த்தெருவில் ஏற்கனவே இரண்டு குழாய். காலனியில் ஒன்று, அதுவும் காற்றைத்தான் கக்கும். காலனிப் பெண்கள் ஊர்த்தெருவுக்கு வந்து, அங்கிருப்பவர்கள் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நிற்பார்கள். அப்படி நிற்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓட்டுப் போடும்போது எல்லோருக்கும் ஒரே வரிசை, குடம் எடுத்தால் இரண்டு வரிசை.

இடம் சொல்வது நீரோட்டக்காரர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கப் போட்டுக்கொண்டு நடப்பார். அது எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். அவர் நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வாக்குப் பலிக்காது. நானும் எத்தனையோ வருடம் பார்த்துவிட்டேன். காலனிக்குள் ஒரு தேங்காய் எழுந்து நின்றதே இல்லை. கோயில் பக்கமும், காபி கொடுக்கிற வீட்டுப் பக்கமும்தான் அதற்குக் கால் முளைக்கும்.

அன்றும் அவர் கோயிலைப் பார்த்தே கிளம்பினார். நான் ஊர்ப் பெரியவரிடம் போய், "ஏனுங்க, இது சாமி வாக்குதானுங்களே? சாமிக்கு எதுக்குங்க கண்ணு? கட்டி உடலாமுங்களா?" என்றேன்.

பெரியவர், தடுக்கி விழுந்துவிடுவார் என்று இழுத்தார். நீரோட்டக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் கண்ணுல பாக்கறதில்லீங்க, கையில பாக்கறன். கட்டுங்க."

என் துண்டாலேயே இறுக்கிக் கட்டி, ஆளை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். நான்காவதும் சுற்றியிருக்கலாம், ஞாபகமில்லை.

மனிதர் நடந்தார் பாருங்கள். கோயிலுக்கு முதுகைக் காட்டி, தார் ரோட்டைத் தாண்டி, நேராகக் காலனிக்குள். ஊரே பின்னால் வருகிறது, ஒருவராலும் பேச முடியவில்லை. அவர்கள் போட்ட கட்டுப்பாடு அல்லவா! பெரியவர் கனைக்கக்கூட வழியில்லாமல் கையை மட்டும் ஆட்டினார். கண் கட்டியவருக்கு அது எப்படித் தெரியும்? பூவரச மரத்தடியில் தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

துண்டை அவிழ்த்ததும், "காத்துக்கு எந்திரிச்சிருச்சு, மறுக்காப் பாக்கலாம்" என்றார் பெரியவர்.

குடத்தோடு நின்ற காலனிப் பெண் ஒருத்தி சாவதானமாகக் கேட்டாள்: "அப்ப இத்தன வருசமா உங்க ஊட்டோரம் எந்திரிச்சதெல்லாம் எந்தக் காத்துக்குங்க?"

பெரியவர் மறுபடி தேங்காயை எடுக்கச் சொல்வதற்குள் நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

முந்நூறு அடி போனது, ஈரமில்லாத கல்தூள் புகைதான். ஐந்நூறிலும் புகை. வறண்டுவிட்டால், காலனியில் தண்ணீரே கிடையாது என்று முத்திரை குத்திவிடுவார்கள், அதற்கப்புறம் எந்த ரிக்கும் அங்கே வராது. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. என் டிரில்லர் ஒடிசாப் பையன். காலனி எது, ஊர் எது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. நிறுத்தட்டுமா என்று கை காட்டினான். இன்னும் ஆறு ராடு போடு என்றேன். அறுநூற்றுப் பத்து அடியில் மரத்துக்கு மேலே பீய்ச்சி அடித்தது.

கோடையில் ஊர்த்தெருக் குழாய்கள் நின்றுபோனால் அவர்களும் இங்கேதான் வருகிறார்கள். யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் குடம். காலனிப் பெண்கள் வைத்த முறை அது.

தொட்டி கட்டித் திறப்பு விழா நடத்திக் கல் பதித்தார்கள். ஏழு பேர் பெயர் இருக்கிறது. அன்று கையை ஆட்டிய பெரியவர் பெயர் மூன்றாவது. என் பெயர் இல்லை. வெட்டுகிறவர் மறந்துவிட்டார் என்கிறார்கள். கல்லின் அடியில் நாலு விரல் இடம் காலியாகக் கிடக்கிறது, நானே அளந்து பார்த்தேன். இடம் காட்டியதும் போர் போட்டதும் இன்னார் என்று, நான் பிறந்த காலனியின் பெயரையும் சேர்த்து, அதில் வெட்டியாக வேண்டும்.