உப்புத் தண்ணீர் அடித்த வளைவு

மண் டிராக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொன்னால் எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் புரிவதில்லை. மண்ணைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பார்கள். ஒரகடத்தில் கம்பெனி கான்ட்ராக்ட் முடிந்ததும் எனக்குக் கிடைத்தது இதுதான். இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி, பைக் பந்தயத்துக்காக ஏரி மண்ணையும் செம்மண்ணையும் கலந்து கொட்டியிருந்தார். அதை டிராக்டரால் கிளறி, தண்ணீர் விட்டு, பலகையால் சமன் செய்து, ரோலர் ஓட்ட வேண்டும். தண்ணீர் கூடினால் பைக் வழுக்கும். குறைந்தால் தூசி கிளம்பி, பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவன் தெரியாது.

அந்தத் தூசி நேராகப் போய் இறங்கியது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே வீட்டில். ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டு கறவை மாடுகள். அந்த வீட்டுக்கார அண்ணன் பல வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். கட்டிலிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு நடந்தாலே மூச்சு இளைக்கும். ஆனாலும் மாடுகளைக் குளிப்பாட்டுவதும் தவிடு கலந்து வைப்பதும் அவர்தான்.

ஒருநாள் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, நீ பாட்டுக்கு மண்ண கெளப்பி உட்டுகினு கீற? உள்ள ஒரு மனுசன் மூச்சுக்கு அல்லாடிகினு கீறாரு."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ரோட்டில் போகிற லாரித் தூசியையும் சேர்த்து என் தலையில் கட்டுகிறாரே என்று. பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அது நிற்கவே இல்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் உப்பளத்துப் பாதைகளில் எந்தக் காற்றுக்கும் தூசி எழும்பாது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதலாளியிடம் கெஞ்சி மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து டிராக் முழுக்க அடித்தேன். சில நாளில் மண் கறுத்து இறுகித் தூசி அடங்கியது. பைக் துருப்பிடிக்கும் என்று ஓட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். "ராத்திரி நல்லா தூங்குனாரு தம்பி" என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. காலையில் போனால் டிராக்கின் வளைவெல்லாம் குளம்புக்குழி. கயிற்றை அறுத்துக்கொண்டு வருகின்றன போலும் என்று, ஒரு விடியலில் குச்சியோடு போனேன். மாடுகள் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இரண்டு கயிறுகளையும் கையில் பிடித்தபடி அண்ணன் குந்தியிருந்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் அவருக்குப் பேச்சு வரவே சற்று நேரமாயிற்று.

"வேலியாண்ட நின்னுகினு மோந்து மோந்து பாக்குதுங்க தம்பி. எப்டி கட்டி வெக்கிறது?"

"கடையில மாட்டுக்குன்னே உப்புக்கட்டி விக்குதுல்லா அண்ணே. அத வாங்கித் தொங்கவிடுங்க."

"வாங்கினேன். ஒரு நக்கு நக்கிட்டு உன் மண்ணுக்குத்தான் இழுக்குதுங்க."

இந்த மனிதர் நிம்மதியாக மூச்சுவிட வேண்டும் என்றுதான் உப்பே போட்டேன். அவரே மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. குழிகளை மூடிவிட்டு வந்தேன். அப்புறமும் நாள் தவறாமல் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில், மூடிய குழி ஒன்று அமுங்கி, ஒருவர் சக்கரம் சிக்கி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உப்ப நிறுத்து, இல்ல மாட்ட வராம பாத்துக்கச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கணும்."

நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"உப்ப நிறுத்திருதேன்க்கா. தண்ணிய மட்டும் கூடக் கொஞ்சம் அடிச்சிப் பாக்கேன்."

மத்தியான வெயிலில் வெறும் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். கொட்டகையில் அண்ணன் ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உப்ப நிறுத்தாத தம்பி."

இரண்டு நாள் கழித்து வாலாஜாபாத்திலிருந்து மாட்டு வியாபாரியின் மினிலாரி வந்தது. மாடுகளை அக்காவே பிடித்துவந்து ஏற்றினார். அண்ணன் வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிறு பந்தயம் நன்றாக நடந்தது. யாரும் விழவில்லை, துளித் தூசி இல்லை. மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அண்ணன் எப்டிக்கா இருக்காவ?"

"இருமலே இல்ல. நல்லா மூச்சு வுடறாரு" என்றார் அக்கா. "எங்கிட்டதான் பேசமாட்டேன்றாரு."

அண்ணே என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். என்னிடமும் பேசவில்லை.