ஏழாம் இலக்கக் கவிதையும் உதவி ஆசிரியரும்

றிச்சர்ட் தன் வாழ்நாளில் மிக நன்றாகப் பேசிய நாள் ஒன்று உண்டு. அந்த நாளை நினைத்தால் இன்றும் அவனுக்குக் காது மடல் சுடும்.

ஹட்டன் கடைவீதியில் மஃறூப் ஹாஜியாரின் புடவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள் உண்டு. ‘நெடுவரை’ என்னும் சிற்றிதழ் காலாண்டுக்கு ஒருமுறை அங்கிருந்துதான் வெளிவந்தது. ஓய்வுபெற்ற அதிபர் பொன்னையாவே அதற்கு ஆசிரியர். பிழை திருத்துபவரும் பொதி கட்டித் தபாலிற் சேர்ப்பவரும் அவரே. வயது எழுபதைத் தாண்டிக் கண்ணும் மங்கியபின், வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் சிலர் இருவருக்குச் சம்பளம் தர முன்வந்தனர். அடுத்த இதழின் பின்னட்டையில் விளம்பரம் வந்தது. உதவி ஆசிரியர் ஒருவரும் அலுவலக நிருவாகி ஒருவரும் தேவை. பணியில் இருக்கும்வரை தம் படைப்புகளை இதழில் வெளியிடலாகாது என்பது இருவர்க்கும் பொதுவான நிபந்தனை.

அவ்விளம்பரத்தைக் கண்ட அன்றே றிச்சர்ட் விண்ணப்பம் எழுதினான். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவன் அவன். பத்து வயதில் ஹட்டனில் திருச்சபை நடத்திய விடுதிக்கு வந்தான்; அதன்பின் நகரைவிட்டு நீங்கவில்லை. முப்பத்திரண்டு வயதிலும் வாடகை அறையொன்றிலிருந்து பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தான். பழஞ்செய்யுள்களை யாரிடமும் பாடம் கேளாமல் தானே கற்றவன். ஞாயிறுதோறும் கோயிலில் அவன் கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தால் பின்வரிசைக் கிழவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். பஸ்ஸில் ஏறினால் மடியில் நூல் விரியும். இறங்கும் இடம் வரும்வரை சன்னலுக்கு வெளியே என்ன நடந்தாலும் அவனுக்குத் தெரியாது.

நேர்முகத்துக்கு அவன் மாடியேறிய புதன்கிழமை காலையில், மூலையிலிருந்த கணினியின்முன் ஒரு பெண் அமர்ந்து கடிதமொன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். பொகவந்தலாவையிலிருந்து நிருவாகி வேலைக்கு வந்திருந்த ஸுலைஹா அவள். அங்கே அவளுடைய வாப்பாவுக்குச் சில்லறைக்கடை. அவளுக்கு அது தட்டச்சுச் சோதனை. அவனுக்கு வேறொரு சோதனை வைத்திருந்தார் பொன்னையா.

நெடுவரைக்கு வரும் எழுத்துகளைப் பெயர் நீக்கி இலக்கமிட்டு வாசிப்பதே வழக்கம். பெயரை வெட்டியெடுத்துப் பூட்டி வைப்பவர் கீழ்க்கடை ஹாஜியார். கவிதையில் ஒருவரியும் வாசியாதவர் ஆகையால் அந்தக் காரியத்துக்கு அவரைவிடத் தகுந்தவர் இல்லை என்பார் பொன்னையா.

“இது ஏழாம் நம்பர், தம்பி. வாசிச்சுப் பாத்து, போடலாமா வேணாமான்னு சொல்லுங்க” என்று தாளொன்றை நீட்டினார்.

றிச்சர்ட் உரக்கப் படித்தான்.

வெள்ளைப் பையொன்றை நெற்றியில் மாட்டி
மலையேறுகிறாள்.
மாலையில் பையை இறக்குகிறாள்;
நிழல் மட்டும்
இறக்காமல் நிற்கிறது.

படித்து முடிக்குமுன்பே அவன் உதட்டில் நகை வந்துவிட்டது.

“வெள்ளைப் பையாம், சேர்! கொழுந்து விழுறது கூடையில. நம்ம ஆளுக மலையேறின நாள்லருந்து கூடைதான். பஜார்ல ஏதோ ஒரு கடைக்குள்ள உக்காந்துக்கிட்டு, சாமான் வாங்கிட்டுப் போற பொம்பளையப் பாத்திருக்காரு இந்தக் கவிஞர். கொழுந்தெடுக்கப் போறவன்னு நெனச்சுட்டாரு.”

பொன்னையாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. “அப்ப சீனியும் பருப்புந்தான் மலையேறுதுங்கிறீங்க!”

“ஆமா சேர். நெழலுக்கும் சேத்து இன்னொரு பை குடுத்திருப்பாங்க கடையில.”

மூலையில் தட்டச்சின் ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கியது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் றிச்சர்ட் குரலைத் தாழ்த்தினான். கீர்த்தனையின் கடைசி அடிக்கு இறங்குவதுபோல் இறங்கியது அந்தக் குரல்.

“எங்க அம்மா முப்பது வருஷமா கூடை சொமக்கிறாங்க, சேர். அந்தக் கூடை வளத்த புள்ள நான். நான் சொல்றேன், இது மலையறியாத எழுத்து.”

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? முதற்பக்கத்துக்கென்று தாம் எடுத்துவைத்திருந்த அந்தத் தாளைப் பொன்னையா மடித்து, திருப்பியனுப்ப வேண்டியவற்றின்மேல் வைத்தார். திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம் என்றார். ஸுலைஹாவுக்கும் அதே சொல் கிடைத்தது. றிச்சர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினான்.

வெள்ளிக்கிழமை டயகமவுக்குப் பஸ் ஏறினான். கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும், இடையில் எப்போதாவது ஒரு ஞாயிறுக்கும் வீட்டுக்குப் போவதன்றி வேலைநாளில் அவன் போனதே கிடையாது. அன்று இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூடுபனியில் முதலிற் குரல்கள் வந்தன. பின்பு உருவங்கள் வந்தன. ஒவ்வொருத்தியின் நெற்றியிலும் ஒரு பட்டி. அந்தப் பட்டியிலிருந்து முதுகில் வெறும் பையாகத் தொங்கியது ஒரு வெள்ளைச் சாக்கு.

முன்னே வந்தவள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சுலக்ஷனா.

“என்னண்ணே, வேல நாள்ல வந்திருக்கீங்க? பஸ்ஸு வழி மாறிருச்சா?” என்றாள்.

பின்னால் அவன் தாய் டோரீன் வந்தாள். மகனைக் கண்டதும் அவசரமாகத் தலையிலிருந்து பட்டியை உருவிச் சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கினாள். வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கக் கண்ட சாக்கு அதுவே என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. விறகு கட்டுவதற்கென்று எண்ணியிருந்தான்.

“கூடை எங்கம்மா?” என்று கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கூடையா? அதுல கோழி அடைச்சு, அதுவும் ஓட்டையாகி, எப்பவோ அடுப்புல வச்சாச்சு. இப்ப யாரு கூடை தூக்குறா?”

சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணன் எந்தக் காலத்துல இருக்காரு! நாங்க பையக் கட்டி எத்தன வருஷமாச்சு. ஈரத்துல ஊறுனா இதுவே கழுத்த முறிக்குது. இதுக்கும் மேல கூடையும் வேணுமாம் அண்ணனுக்கு.”

“போடி! அவன் படிக்கிற புள்ள. இதெல்லாம் அவனுக்கு எதுக்கு?” என்று டோரீன் அவளை அதட்டினாள்.

சுலக்ஷனாவின் கேலியை அவன் தாங்கிக்கொண்டிருப்பான். தாய் தனக்காகப் பரிந்து சொன்ன அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. தன் சுமையை மகன் அறியாதிருப்பதே மகனுக்கு அழகு என்று அவள் எண்ணியிருந்தாள். அவனோ அறிந்தவன் என்று சபையில் ஆணையிட்டு, அந்தச் சுமையையே சான்றாக வைத்து வேலை வாங்கி வந்திருந்தான்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அவள் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று.

“என்ன கேட்டாங்க?”

“ஒரு கவிதையப் பத்திக் கேட்டாங்க.”

“நல்லா சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“மலையில நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணினேன்யா, எம் புள்ள வாயில நல்ல வார்த்தையக் குடுங்க ஆண்டவரேன்னு.”

சோற்றின்முன் அமர்ந்து அவள் நன்றி சொல்லி ஜெபித்தாள். அவன் வாயிலிருந்து ‘ஆமென்’ வரவில்லை. பசி மிகுதி என்று அவள் நினைத்துக்கொண்டு, தன் பங்கிலிருந்து ஒரு பிடி சோற்றை அவன் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தவுடனே பொன்னையாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் பயணம் முழுதும் உறுதி செய்துகொண்டு வந்தான். படியேறும்போது அவ்வுறுதி பாதியாயிற்று. மேசையும் நாற்காலியும் புதிதாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் மீதியும் கரைந்தது. உள்ளறையிலிருந்து பொன்னையா குரல் கொடுத்தார்: “தம்பி, திருப்பியனுப்புற கடிதங்கள எழுதிருங்க. ஸுலைஹா ஹாஜியார்கிட்ட முகவரிய வாங்கிப் போட்டுக் கட்டட்டும்.”

அவன் எழுதினான். ஏழாம் இலக்கம் வந்தபோது பேனா தயங்கியது. ‘மதியம் சொல்லிக்கொள்வோம்’ என்று மனம் ஒரு தவணை கேட்டது, அவன் கொடுத்துவிட்டான். ‘நேரிற் கண்டறியாத பொருளைக் கற்பனையால் நிரப்பியமையால் இக்கவிதையை ஏற்க இயலவில்லை’ என்று பழக்கப்பட்ட கை தன்போக்கில் எழுதி முடித்தது. வாக்கியம் அழகாக அமைந்திருப்பதைக் கண்டு ஒரு கணம் மகிழவும் செய்தான். அந்த ஒரு கணத்தை அவன் தனக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஸுலைஹா கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக உறையிலிட்டாள். ஒன்றை மட்டும் தனியே வைத்தாள்.

“இதுக்கு முத்திரை செலவு வேணாம், சேர். நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“அன்னைக்கு இங்கதானே இருந்தீங்க? ஏன் ஒன்னும் சொல்லல்ல?”

“வேல கேட்டு வந்த எடத்துல எப்படி சேர் வாயத் தொறக்கிறது? அதோட நீங்க மலையில பொறந்தவங்க. நான் நெசமாவே கடைக்குள்ள பொறந்தவதான். நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நான் பாத்தது பையா, இல்ல மழைக்குப் போத்தின ரப்பர் சீட்டான்னு.” அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “வீட்டுக்குப் போயி திருத்திட்டேன். இப்ப சரியா இருக்கான்னு பாருங்க.”

‘பிரம்புக் கூடையொன்றை நெற்றியில் மாட்டி’ என்று தொடங்கியது அது. நிழலைப் பற்றிய அடிகளை அவள் நீக்கியே விட்டிருந்தாள். எஞ்சியிருந்தது யாரும் எங்கும் எழுதக்கூடிய ஒரு கவிதை; றிச்சர்ட் தன் குறிப்பேட்டில் எத்தனையோ முறை எழுதி வைத்திருந்த கவிதை.

“பழையதே இருக்கட்டும்” என்றான்.

“ஏன் சேர், இதுவும் பிழையா?”

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எளிதாயிருந்திருக்கும். பாடம் கேட்கும் பிள்ளையின் கவலையே அதில் இருந்தது.

“பிழை என்மேல. பைதான். எங்க அம்மாவே பையிலதான் எடுக்கிறாங்க. போன வெள்ளிக்கிழமைதான் நான் பாத்தேன்.”

ஸுலைஹா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“போன வெள்ளிக்கிழமைதானா?”

அவன் தலையாட்டினான். உள்ளறைக் கதவருகில் பொன்னையா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“நானும் பாத்திருக்கேன், தம்பி” என்றார் அவர் மெதுவாக. “நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போறப்ப ரோட்டோரத்துல பை கட்டிக்கிட்டு நின்னாங்க. நீங்க அம்மான்னு ஒரு வார்த்தை சொன்னதும், என் கண்ணு மங்கலாச்சேன்னு விட்டுட்டேன். நானுந்தான் சிரிச்சேன்.”

“சேர், ஏழாம் நம்பர இந்த இதழ்லயே போட்டுருவோம். முதற்பக்கத்துலயே” என்றான் றிச்சர்ட்.

“எப்படிப் போடுறது? வேலையில உள்ளவங்க எழுத்தப் போடுறதில்லன்னு விளம்பரத்துலயே இருக்கே. புதன்கிழமை வாசிச்சப்ப அது வெளியாள் எழுத்து. இப்ப இந்தப் புள்ள நம்ம ஆபீஸ்.”

“அப்ப நான் வெலகிக்கிறேன்.”

“நீங்க வெலகினா அவ கவிதை எப்படி வரும்? வெலக வேண்டியது அவ. அவளுக்கு இந்த வேல வேணும்.” பொன்னையாவின் குரல் கடுக்கவில்லை. “வெக்கப்படுறீங்க, சரி. அதுக்காக ஓடிப்போக வழி தேடாதீங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். கீழே புடவைக்கடையில் ஹாஜியார் யாருடனோ சிங்களத்தில் சிரித்துப் பேசுவது கேட்டது. ஸுலைஹா தன் மேசைக்குப் போய் மற்ற உறைகளுக்கு முகவரி எழுதினாள். றிச்சர்ட் எழுந்து அவளருகே சென்று, தனியே கிடந்த அந்தக் கடிதத்தைக் கேட்டான்.

“திருப்பியனுப்புறதுன்னா கடிதம் வேணுமே, சேர். முறைன்னா முறை.”

“வேற எழுதித் தர்றேன்.”

பழையதைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை எடுத்தான். வேண்டுதலாக ஒன்று எழுதினான், அது அவனை நல்லவனாகக் காட்டியது, அடித்தான். மன்னிப்பாக ஒன்று எழுதினான், அதில் ஓசை மிகுந்திருந்தது, அதையும் அடித்தான். மூன்றாவது தாளில் எழுதியதைத் திருத்தாமல் கையெழுத்திட்டு நீட்டினான்.

‘இக்கவிதையில் குறை ஏதுமில்லை. இதை மறுத்தவன் கொழுந்து மலையைக் கண்டறியாதவன். இதன் முதல்வடிவத்தை வேறொரு இதழுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். றிச்சர்ட், உதவி ஆசிரியர், நெடுவரை.’

ஸுலைஹா வாசித்தாள். மறுபடியும் ஒருமுறை வாசித்தாள். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, உறையின்மேல் தன் பெயரையும் பொகவந்தலாவை முகவரியையும் முறைப்படி எழுதி, ஒட்டி, கைப்பைக்குள் வைத்தாள். பிறகு மேசையிலிருந்த அடுத்த கட்டை எடுத்து அவன்முன் வைத்தாள்.

“இதுல எட்டாம் நம்பர், லயத்தப் பத்தின கதை, சேர். நீங்க முதல்ல வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கட்டா?”

“நீங்க வாசிங்க” என்றான் அவன்.

அவள் நாற்காலியைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். அவள் வாசித்து முடிக்கும்வரை அவன் கைகளை மேசைமேல் வைத்தபடி காத்திருந்தான்.