கிற்றார் வாங்கப் போன இடத்தில்

கிற்றார் படிப்பிப்பவர்களுக்கு விரல் வலி சீக்கிரம் பழகிவிடும். பிள்ளைகளுக்குக் கிற்றார் வாங்கக் கடைக்குப் போகும் வலி மட்டும் எத்தனை வருடமானாலும் பழகாது.

எனக்கு ஊர் கண்டக்குழி. கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கிற்றாரைப் பற்றி ஒன்றும் தெரியாத பெற்றோர் எல்லோரும் கடைக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கிற்றாரைக் காட்டி, "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டு, கடைக்காரரிடம் ஒரு முறைப்பு வாங்கியவர் நீங்களென்றால், என் கஷ்டத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வெடிச் சத்தம்

சிலாபத்தில் ஒரு கடை. என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய் மெரில் அக்கா கூட வந்திருந்தார். கருநீல நிறத்தில் முகம் தெரியுமளவுக்குப் பளபளக்கும் ஒரு கிற்றார் அவருக்குப் பிடித்துவிட்டது. கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. சுருதி கூட்டிப் பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "தாராளமாப் பாருங்க மிஸ்" என்றார்.

நான் மெதுவாகத்தான் முறுக்கினேன். கடைசிக் கம்பிக்கு வந்தபோது 'டமார்' என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருந்த மரக்கட்டை அப்படியே பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் பறந்து, புல்லாங்குழல் அடுக்கியிருந்த அலுமாரியில் மோதி விழுந்தது. மெரில் அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன வெடித்தது என்று பார்க்கப் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது.

முதலாளி நிதானமாகக் குனிந்து கட்டையை எடுத்துப் புரட்டினார். அதன் அடியில் நகக்கண் அளவுக்குத்தான் பசை இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க சுருதி பார்க்காம வாங்கியிருந்தா இது நல்லாத்தான் இருந்திருக்கும் மிஸ்."

உள்ளே குடியிருந்தவர்

சூசை அண்ணனுக்குச் சொந்தமாக வள்ளம் இருக்கிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், எப்படியோ கரை சேர்ந்த நன்றிக்காகக் கோயிலுக்கு ஒரு கிற்றார் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். இருவரும் புத்தளத்தில் ஒரு கடைக்குப் போனோம். அண்ணன் மீன் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, முகர்ந்து பார்த்தார். ஒன்றை ஆட்டியபோது உள்ளே கலகலவென்றது. "சின்ன ஸ்க்ரூ ஒன்டு கழண்டு கிடக்கும்" என்றார் கடைக்காரர்.

அண்ணன் விடவில்லை, கிற்றாரைக் கவிழ்த்துப் பிடித்து உலுக்கினார். கம்பிகளுக்கு இடையால் வெள்ளையாக இரண்டு முட்டைகள் உருண்டு வந்து கண்ணாடி மேசையில் விழுந்தன. ஒன்று உடைந்தது. பின்னாலேயே தாய்ப் பல்லி பாய்ந்து, அண்ணனின் சட்டைக் கைக்குள் புகுந்து கழுத்து வழியாக வெளியே வந்தது. கடலுக்குப் பயப்படாத மனிதர் போட்ட கூச்சலில் ரோட்டில் போன ஓட்டோ நின்றது. கடைக்காரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. துணியால் மேசையைத் துடைத்தபடி சொன்னார்: "பாருங்க தங்கச்சி, நல்ல மரமா இல்லாட்டி அது இதுக்குள்ள குடியிருக்குமா?"

கையை மாற்றச் சொல்லுங்கள்

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் ரஸீன் நானா ஒரு நாள் மகள் ஸஃப்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பண்ணையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் பெல்ட்டில் சிக்கி, பிள்ளையின் இடது கையில் பெருவிரலும் அடுத்த விரலும்தான் மிஞ்சியிருந்தன. விபத்துக்குப் பிறகு அவள் யாரோடும் கதைப்பதில்லையாம். ஃபோனில் யாரோ கிற்றார் வாசிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். "வேற ஒன்டும் கேக்கிறா இல்ல டீச்சர், இதை மட்டும்தான் கேட்டா" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். மிஞ்சிய இரண்டு விரலால் கம்பியை மீட்டலாம். வலது கையால் கம்பியை அழுத்தலாம். அதற்கு இடது கைக்காரர்களுக்கான கிற்றார் வேண்டும். புத்தளத்தில் பெரிய கடை ஒன்றுக்குப் போய்க் கேட்டோம். விற்பனையாளர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படி இங்க இல்ல. இதெல்லாம் ஸ்டைலுக்குக் கேக்கிறது. பிள்ளையைக் கையை மாத்திப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

ரஸீன் நானாவின் முகம் கறுத்துவிட்டது. ஸஃப்னா சால்வைக்குள் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தாள். வீட்டிலும் அதை யாருக்கும் காட்டாத பிள்ளை, அதைக் கடை மேசையில், அந்த ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள். விற்பனையாளர் நிமிர்ந்தார். பிறகு எழுந்து போய், சுவரிலிருந்த ஒரு கிற்றாரை இறக்கி, கம்பிகளையெல்லாம் கழற்றத் தொடங்கினார். கம்பிகளை ஒவ்வொன்றாக மறுபக்கமாக மாற்றிக் கட்டினார். கட்டி முடித்ததை இரண்டு கையாலும் நீட்டி, தெரியாமல் சொல்லிவிட்டேன் மகள் என்றார்.

அவள் அதை வாங்கி மடியில் வைத்தாள். பெருவிரலால் ஒரு தடவை எல்லாக் கம்பியையும் மீட்டிவிட்டு, பல நாளைக்குப் பிறகு ஒரு வெளி ஆளோடு கதைத்தாள்: "பரவாயில்ல அங்கிள், நான் கையை மாத்திட்டுத்தான் வந்தேன்."

நான் இறந்துபோன செய்தி

போன நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் என்னுடைய கிற்றார் கோயிலிலிருந்து களவு போனது. பொலிசில் சொல்லியும் கிடைக்கவில்லை. அழுது முடித்து, மலிவாக ஒன்று பார்க்கலாமென்று சிலாபத்தில் பழைய சாமான் விற்கும் கடைக்குத் தனியாகப் போனேன். உள்ளே கால் வைத்ததும் சுவரில் அதைக் கண்டேன். பாஸ்காத் திருவிழிப்பு இரவுப் பூசையில் மெழுகுதிரி சரிந்து சுட்ட கறுப்புத் தழும்பு, அதே இடத்தில்.

எடுத்துத் தரச் சொல்லி வாசித்துப் பார்த்தேன். கடைக்காரர் இளந்தாரி, மரியாதையான பிள்ளை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அது பெரிய சோகக் கதை மிஸ். கண்டக்குழிப் பக்கம் கோயில்ல வாசிச்ச ஒரு மிஸ்ஸுட கிற்றார். திடீரென்டு மோசம் போயிட்டாவாம். புருசன் கொண்டுவந்து தந்தார். அழுத அழுகையைப் பார்த்து எனக்கே தாங்கல்ல."

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

ஃபோனை எடுத்து, திருநாளன்று பாடகர் குழுவோடு நான் அந்தக் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "கொண்டு போங்க மிஸ், இது உங்கடதான்" என்று உறையையும் எடுத்துத் தந்தார். பொலிசுக்கும் வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டார். நான் கிற்றாரை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது, முகம் வெளிறிப்போய்ப் பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப மிஸ், அந்த மனுசன் அப்பிடி அழுதது யாருக்கு?"

இவ்வளவு பட்ட பிறகும், வருகிற சனிக்கிழமை ஆலங்குடாவிலிருந்து வரும் ஒரு தாயோடு கிற்றார் பார்க்க பஸ் ஏற ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், எனக்குப் புத்தி வர இன்னும் சில கடைகள் பாக்கியிருக்கின்றன.