ஐந்து துண்டுப் பச்சைப் பட்டு

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். இது நடந்தது. 1969, சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நடுச்சாமத்தில் இல்லை, மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில். பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத் தொடங்கி ஒன்று பத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சைதுன்னிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் இருந்தாள். ஒரு நிமிஷம்கூட இதில் கூட்டிச் சொல்லவில்லை.

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடைகளுக்குப் பின்சந்தில் அவளுடைய மாமா ஜமாலின் பழந்துணிக் கிடங்கு இருந்தது. ஊர் ஊராக வாங்கிய பழந்துணி மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பட்டனையும் ஊக்கையும் அறுத்து ஒரு தகர மூடியில் போட வேண்டும். தையலைப் பிரித்து, துணியைக் கையால் கிழித்துத் துண்டு போட வேண்டும். பனியன் கம்பெனிகளில் மெஷின் எண்ணெய் துடைக்க அந்தத் துண்டுகள் போகும். சைதுன்னிசாவுக்குப் பதினாறு வயது. அம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த வருஷம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அன்றிலிருந்து கிழிப்பதுதான் வேலை.

மூட்டை வியாபாரி லிங்கசாமி குன்னூரிலிருந்து கொண்டுவந்த மூட்டையில், பிப்ரவரி கடைசியில், அந்த கவுன் வந்தது. வெள்ளைக்காரிகள் ராத்திரி விருந்துக்கு உடுத்துவது என்று அவர்தான் சொன்னார். பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் போல ஒரு பச்சை. முப்பது வருஷத்துக்கு மேல் பழசு, ஆனாலும் ஒரு நூல் விலகவில்லை. முதுகுப் பக்கம் இடுப்பு வரைக்கும் திறப்பு.

கூட வேலை செய்யும் காளியாத்தாள் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். "முதுகுக்குத் துணி வாங்கறதுக்குள்ள காசு தீந்துபோச்சாட்ட இருக்குது தொரைசானிக்கு! ஏனம்மிணி, உன்ர நிக்காஹுக்கு எடுத்து வெச்சுக்கோ."

"சும்மா இருங்கக்கா."

பட்டு எண்ணெய் குடிக்காது. துடைக்க உதவாததை மெத்தைக்காரனுக்குத் தள்ளிவிடுவார்கள். சைதுன்னிசா தள்ளவில்லை. பரணில் இருந்த ஜாதிக்காய்ப் பலகைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் கிடங்கில் ஆண்கள் யாரும் இருக்கமாட்டார்கள். காளியாத்தாளும் சோறுண்ண வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த ஒரு மணி நேரம் சைதுன்னிசா பரணில் இருப்பாள். கவுனை உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நெசவுத் துணிதான், ஆனால் பனியன் துணி போல உடம்போடு இழுபடும். துணியைக் கோணலாகப் போட்டு வெட்டியிருந்ததால் அப்படி என்று அவளே கண்டுபிடித்தாள். ஓரத்தை விரலால் சுருட்டிக் கையாலேயே தைத்திருந்தார்கள், ஒரு தையல்கூட வெளியே தெரியாமல். இடுப்புக்கு உள்ளே மறைவாக ஒரு நாடா. கழுத்தருகே ஒரு சின்னத் துணிச்சீட்டில் பாரிஸ் என்று இங்கிலீஷில். கீழ்மடிப்பில் சாண் இடைவெளிக்கு ஒரு ஈயக் காசு தைத்திருந்தது, நடக்கும்போது பாவாடை தூக்காமல் விழுவதற்காக. இவ்வளவு வேலையையும் யாரும் பார்க்க முடியாத இடத்தில் செய்திருக்கிறார்களே என்று மடிப்பை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். திருடிய பொருள் என்ற உறுத்தல் இருந்தது. மெத்தைக்காரனுக்குப் போவதைத்தானே எடுத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு நாற்பது.

கீழே கதவுப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். கவுனைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு அவசரமாக ஏணியில் இறங்கினாள்.

ஒரு கிழவி நின்றாள். மேலே பொத்தான் போட்ட கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர்... ஆனால் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"கண்ணு, குன்னூர் மூட்டையில பச்சைப் பட்டு கவுனு ஒண்ணு வந்துதுங்களா?"

"எதுங்க?"

"முதுகில்லாதது. கீழ்மடிப்புல ஈயக் காசு வெச்சது. எங்க தொரைசானி போறப்ப எனக்குக் குடுத்ததுங்க. ரங்காத்தா, இது உனக்குத்தான்னு குடுத்தாங்க. பையன் தெரியாம பொட்டியோட வித்துப்போட்டான். இன்னிக்கு வேணுங் கண்ணு. ஒரு மணிக்கு எடுத்துருவாங்க."

எடுப்பது என்றால் மையத்தை, பிணத்தை. அவர்கள் வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள், அதற்குப் போர்த்தக் கேட்கிறாள் என்று சைதுன்னிசாவுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும்... ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. அவளுக்கென்று அந்த ஊரில் இருந்த ஒரே அழகு அது.

"அதுங்களா... கிழிச்சாச்சுங்க."

கிழவி பரணை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை துண்டுங்க?"

"அஞ்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐந்து... பெண் மையத்தை அடக்கச் சுற்றும் கபன் துணி ஐந்து துண்டு, அதில் ஒன்று தலைக்கு. அம்மாவுக்கு, மையத்துக் குளிப்பாட்ட வந்த காத்தூன் பீவி கையால் கிழித்ததை அவள் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறாள். பொய்க்கு ஒரு எண் தேடியபோது அதுதான் வாயில் வந்தது.

"அஞ்சா..." கிழவி மெல்லத் தலையாட்டினாள். "அப்ப பொம்பளைக்குத்தான்."

எங்கள் வழக்கம் இவளுக்கு எப்படித் தெரியும்?

கிழவி திரும்பினாள். அப்போதுதான் சைதுன்னிசா அதைக் கவனித்தாள். அந்தக் கிடங்கில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். உள்ளே வந்த யார் மேலும் இரண்டு நிமிஷத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கிழவி பத்து நிமிஷம் நின்றிருந்தாள்.

கறுப்புக் கம்பளியில் ஒரு தூசி இல்லை.

வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். நீளச் சந்து, ஒளிய ஒரு திருப்பம் கிடையாது.

யாரும் இல்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

பரணில் சத்தம். டக்... டக்... டக்...

பலகையில் ஈயம் இடிபடும் சத்தம். பாவாடை இழுபட, யாரோ மெதுவாக நடக்கிறார்கள்.

டக்... டக்...

நின்றது.

டர்ர்ர்ர்...

ஒன்று.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? நாள் முழுக்கக் கேட்பது.

டர்ர்ர்ர்... இரண்டு.

"வேண்டாங்க," என்றாள்.

மூன்று.

வெகுநேரம் அமைதி...

நான்கு.

நாலு முறை கிழித்தால் ஐந்து துண்டு. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து.

ஒன்று முப்பத்தைந்துக்கு மாமா வந்து கதவைத் தட்டினார். "ஏம்மா தாழ்ப்பாள் போட்டே? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"எலிங்க மாமா."

சாயங்காலம் காளியாத்தாளைக் கீழே நிற்கவைத்துவிட்டு மேலே ஏறினாள். பெட்டி மூடியிருந்தது. மேலே அவர்கள் வேலைக்கு வைத்திருக்கும் அதே தகர மூடி. அதில் ஈயக் காசுகளும் ஊக்குகளும் தனித்தனியாக, அவள் பிரித்து வைப்பது போலவே. பெட்டிக்குள் பட்டு, துண்டு துண்டாக மடித்து. கோணலாக வெட்டிய துணியைக் கிழித்தால் நூல் போகிற வழியில் சாய்வாகத்தான் கிழியும். இது தலையிலிருந்து கால்வரை நேராகக் கிழிந்திருந்தது, நூலுக்குக் குறுக்கே. மனிதக் கையால் அப்படிக் கிழிக்க முடியாது.

எண்ணினாள். நாலுதான் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தாள், பரண் முழுக்கத் தடவினாள். நாலுதான். அடுத்த நாள், அதற்கடுத்த நாள், ஆள் இல்லாதபோதெல்லாம் தேடினாள்.

புதன்கிழமை லிங்கசாமி மூட்டையோடு வந்தார். டீ குடித்துக்கொண்டே கேட்டார். "ஏங்கண்ணு, போன தடவை ஒரு பச்சை கவுனு வந்துதே, இருக்குதா?"

"கிழிச்சாச்சுங்க."

அதே வார்த்தை. இந்த முறை அது பொய்யில்லை.

"அடப் பாவமே. அதைப் பத்து வருசமாப் பொட்டியில வெச்சிருந்தாளாமா ரங்காத்தா. செத்தா அதைத்தான் போத்தோணும்னு சொல்லிட்டே இருந்தாளாம். வியாழக்கிழமை ராத்திரி போய்ச் சேந்துட்டா. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எடுக்கறதா இருந்துது, கொஞ்சம் நேரமாயிப்போச்சு."

சைதுன்னிசா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க நேரமாச்சு?"

"அதைக் கேளு. குளிப்பாட்டி, அவ கறுப்பு ஸ்வெட்டரையே மாட்டி, சவப்பொட்டியில வெச்சு, எல்லாரும் வெளிய வந்து நின்னாங்களாம். ஒண்ணு பத்துக்கு மூடறதுக்குப் போனா, தலையில ஒரு துணி சுத்தியிருக்குது. உள்ள யாரும் போகலைங்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டே நின்னதுல இன்னும் நேரமாயிப்போச்சு." லிங்கசாமி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "பச்சைப் பட்டு. அப்படியே வெச்சுப் பொதைச்சுட்டாங்க."

ஐந்தாவது துண்டை அவள் அதற்குப் பிறகு தேடவில்லை.